கோபத்துக்கு மட்டும் பொருந்திய பல்செட்

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் உண்டு. சாப்பாட்டுக்கு நன்றி சொல்வோம், தலைக்கு மேல் இருக்கும் கூரைக்கு நன்றி சொல்வோம், அன்றைக்கு நடந்த நல்லதுக்கு நன்றி சொல்வோம். கடைசியாக ஒரு பல்செட்டுக்கும் நன்றி சொல்வோம். புதிதாக வந்த விருந்தாளியாக இருந்தால் அந்த இடத்தில் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார். என் வீட்டுக்காரர் மூடிய கண்ணைத் திறக்காமலே 'ஆமென்' சொல்லிவிடுவார், அதனால் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

அந்தப் பல்செட் என்னுடையது இல்லை. என் வாயில் முப்பத்தொரு பல்லும் பத்திரமாக இருக்கின்றன. அது என் ஓரகத்தியுடையது, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவியுடையது. செய்து கொடுத்தவள் நான். இரண்டு தடவை செய்தேன் என்பதுதான் விஷயமே.

இருபத்தேழு வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு. பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்பக்கம் எங்கள் பட்டறை. ஒரு ஜன்னல், ஒரு தொட்டி, மெழுகு உருக்க ஒரு சின்ன விளக்கு, மேசையெல்லாம் பிளாஸ்டர் தூள். டாக்டர் வாயில் அச்செடுத்துக் கழுவி அனுப்புவார். நான் அதில் பிளாஸ்டர் ஊற்றி ஈறை உருவாக்கி, மெழுகில் பல் பதித்து, வேகவைத்து, மெருகேற்றிக் கொடுப்பேன். வாயைப் போலவே திறந்து மூடும் ஒரு பித்தளைக் கருவி இருக்கிறது. அதற்குப் பட்டறையில் 'ஊமை' என்று பெயர். ஊமையில் மேல் ஈறையும் கீழ் ஈறையும் மாட்டி வைத்தால், யாருடைய வாயோ என் கைக்குள் வந்துவிடும். தெருவில் என்னைப் பல்லக்கா என்பார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததே இல்லை, பத்து வருடத்துக்கு முன்பு வந்த அந்த ஒரு மத்தியானம் வரைக்கும்.

அன்றைக்கு ஓரகத்தி வீட்டில் விருந்து. புது வீடு கட்டிக் குடிபோயிருந்தார்கள். முப்பது பேர் வந்திருந்தார்கள். நான் விடியற்காலையிலேயே எழுந்து, வீட்டிலிருந்த பெரிய பாத்திரம் நிறையக் கோழி சூப் வைத்து, மூடியைத் துணியால் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். தொடையெல்லாம் சுட்டது. ஓரகத்தி மூடியைத் திறந்து பார்த்தார். (இப்போது 'பார்த்தார்' என்று மரியாதையாக எழுதுகிறேன். அன்றிலிருந்து ஒன்பது வருடம் மனதுக்குள் நான் அவரை அப்படிச் சொன்னதில்லை.) பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஊர்ல உள்ளவங்க எச்சில் பல்லையெல்லாம் நோண்டுற கை. இதை யாரு வாயில வைக்கிறது?"

சொன்னதோடு விட்டிருந்தால்கூட நான் சிரித்து மழுப்பியிருப்பேன். பாத்திரத்தை எடுத்துக் கழுவுதொட்டியில் கவிழ்த்துவிட்டார். முழுப் பாத்திரத்தையும். கேரட் துண்டுகள் ஓட்டையை அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்காமல் நின்றது. நான்தான் அந்தக் கேரட்டை ஒவ்வொன்றாக எடுத்து அடைப்பை நீக்கினேன். தொட்டி அடைத்தால் நீக்குவது என் கையின் பழக்கம், அவமானப்பட்ட நேரத்திலும் அது பாட்டுக்கு வேலை செய்தது. பிறகு காலிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. ஆலயத்தில் அவர்கள் வலது பக்கம், நாங்கள் இடது பக்கம். நடுவில் நாலடி நடைபாதை, ஒன்பது வருடம் யாரும் அதைத் தாண்டவில்லை.

பகைக்கிறவர்களுக்கு நன்மை செய்யவும், நிந்திக்கிறவர்களுக்காக ஜெபிக்கவும் வேதத்தில் நமக்குச் சொல்லியிருக்கிறது. எனக்கு அது சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். மனப்பாடமாகிவிட்டதால் எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் இருந்தது. நானும் தினமும் ஓரகத்தி பெயரைச் சொல்லி ஜெபித்தேன். ஆனால் என்ன கேட்டேன் என்றால், "கர்த்தாவே, அவளுக்குப் புத்தி வரட்டும்" என்று கேட்டேன். புத்தி எந்த வழியாக வரவேண்டும் என்பதற்கும் இரண்டு மூன்று யோசனை சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் ஒருநாள் காலை, பட்டறையின் பின்வாசலில் யாரோ நிற்கிற மாதிரி நிழல் தட்டியது. கணவரின் அண்ணன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஆளே பாதியாகியிருந்தார். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒற்றைச் செருப்போடு நின்றார்.

"உள்ள வாங்க அத்தான்."

"இல்லம்மா, இங்கயே நிக்கிறேன். ஒரு விஷயம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவளுக்குப் பல்லெல்லாம் எடுத்தாச்சு. ஈறு நோய். வேற இடத்துல ரெண்டு செட் செஞ்சோம், ரெண்டும் பீரோவுல கிடக்கு. அரைச்சு அரைச்சுக் குடுத்துப் பாக்குறேன், ரெண்டு ஸ்பூனுக்கு மேல தொட மாட்டேங்குறா. நாப்பத்தொரு கிலோவுக்கு வந்துட்டா."

"ஐயோ."

"நெஞ்சுல ஒரு வால்வு மாத்தணுமாம். இந்த எடையில மயக்க ஊசி போட முடியாதுங்குறாங்க. நாப்பத்தாறு வரணும். ரொம்ப நாள் தள்ளவும் கூடாதாம்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "உன்கிட்ட வர எனக்கு முகமில்ல. ஆனா இந்த ஊர்ல உன்னை விட்டா நல்ல கை வேற யாருக்கு இருக்கு?"

அந்தக் கை என்ற வார்த்தையில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே ஒப்புக்கொண்டேன். மனம் இளகித்தான் ஒப்புக்கொண்டேன் என்று அன்றைக்கு நினைத்தேன். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். பக்கத்து வீட்டில் சொன்னேன். போதகரிடமும் சொன்னேன். அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் "நம் சபையில் ஒரு சகோதரி" என்று ஆரம்பித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அது யார் என்று எல்லோருக்கும் தெரியும்படி.

கடி எடுக்கும் நாள் வந்தது. பல்செட் வேலையில் அதுதான் உயிர். மெழுகில் செய்த இரண்டு கட்டைகளை மேல் ஈறிலும் கீழ் ஈறிலும் வைத்து, நோயாளியை இயல்பாக வாயை மூடச் சொல்வோம். தாடை தளர்ந்து தன் இடத்தில் உட்கார வேண்டும். அந்த இடத்தை மெழுகில் பிடித்து ஊமைக்கு மாற்றி, அதற்கேற்பப் பல் பதிப்போம். பயத்திலோ வீம்பிலோ தாடையை முன்னால் தள்ளிக் கடித்துவிட்டால், மெழுகு அந்தப் பொய்யைத்தான் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் எத்தனை அழகாகப் பல் பதித்தாலும் வாயில் நிற்காது.

டாக்டர் என்னையும் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருந்தார். சின்னப் பெண், கெட்டிக்காரி, எப்போதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பவர். வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். ஓரகத்தி நாற்காலியில் சாய்ந்திருந்தார். கன்னமெல்லாம் உள்ளே போய், கழுத்தில் நரம்பு தெரிந்தது. நான் மெழுகுக் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்ததும் அவர் என்னைப் பார்த்தார். உடனே தாடை முன்னால் வந்தது.

அந்தத் தாடையை எனக்குத் தெரியும். சூப் பாத்திரத்தைக் கவிழ்த்தபோதும் அது இதே இடத்தில்தான் இருந்தது.

"மெதுவா கடிங்கம்மா," என்றார் டாக்டர். ஓரகத்தி கடித்தார், கண்ணை என் மேலிருந்து எடுக்காமல். டாக்டர் மெழுகில் கோடு போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "பல்லக்கா, ஓகேவா?"

கீழ்க்கட்டை அரை நகம் அளவுக்கு முன்னால் நின்றது. இருபத்தேழு வருடம் பார்த்த கண் எனக்கு. பார்த்தேன், தெரிந்தது.

"ஓகே டாக்டர்," என்றேன்.

ஏன் சொன்னேன்? டாக்டரே பார்த்துக்கொள்வார், நான் பட்டறைக்காரிதானே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதில்லை. அந்தப் பார்வைக்கு என்னிடம் இருந்த பதில் அந்த 'ஓகே' ஒன்றுதான். ஒரு சொட்டு விஷம் கூட வைக்காமல், கையை நீட்டாமல், வாயை மட்டும் மூடிக்கொண்டு ஒரு மனுஷியைப் பட்டினி போட முடியும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

பல்செட்டை அற்புதமாகச் செய்தேன், அதைச் சொல்லியாக வேண்டும். ஈறின் நிறம், பல்லின் வரிசை, மெருகு, எல்லாம் ஒரு குறை சொல்ல முடியாது. கிளினிக்கில் போட்டுப் பார்த்தபோது மேலும் கீழும் அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. டாக்டர் கைதட்டினார். இரண்டே நாளில் அத்தானிடமிருந்து போன். "வீட்டுக்கு வந்தா கழண்டுடுதும்மா. வாயைத் திறந்தா தட்டுல விழுது. கீழ் ஈறு புண்ணாயிடுச்சு."

மறுபடி வந்தார்கள். நான் உள்ளே போனேன், ஓரகத்தி என்னைப் பார்த்தார், செட் கச்சிதமாகப் பொருந்தியது. டாக்டர் லேசாக ஒரு மூலையைத் தேய்த்து அனுப்பினார். மூன்றாவது தடவையும் அதே கதை. கிளினிக்கில் பொருந்தும், வீட்டில் விழும்.

"சில பேருக்குப் பழகவே பழகாது பல்லக்கா," என்றார் டாக்டர், மூன்றாம் தடவை அவர்கள் போன பிறகு. "நம்ம பக்கம் தப்பில்ல. இனி செய்ய ஒண்ணுமில்ல, பைலை மூடிடலாம்."

"எடை என்னன்னு சொன்னாங்களா டாக்டர்?"

"முப்பத்தொம்பதரை."

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் எனக்குக் கை தட்டுக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரர் தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கிறவர். எந்த விஷயத்தையும் அதனதன் அறையில் போடாமல் தூங்க மாட்டார். என்ன என்று கேட்டார். கடி எடுத்த நாளில் நடந்ததை முழுசாகச் சொன்னேன். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அப்போ அது அண்ணி உன்மேல கோவமா இருந்தாத்தான் பொருந்தும்?"

"ஆமா."

"அவங்க சாப்பிடுற நேரமெல்லாம் நீ எதிர்ல போய் நின்னா சரியா இருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுபோயிற்று. நான் செய்த வேலை அதுதான். ஒரு மனுஷியின் கோபத்துக்கு அளவெடுத்து, அதற்குப் பொருந்தும்படி பல் செய்து மாட்டியிருந்தேன். அவர் கோபத்தை விட்டுவிட்டு ஒரு வாய் சாப்பிடலாம் என்று தாடையைத் தளர்த்தினால் பல் கழன்று விழும்.

ஜெபிக்க உட்கார்ந்தேன். ஒன்பது வருடமாகத் தங்குதடையில்லாமல் வந்த ஜெபம் அன்று வரவில்லை. "நான் பார்த்தேன்" என்ற ஒரு வார்த்தைதான் வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அழுகை வந்தது. இப்போது நினைத்தால் அந்த அழுகைக்கும் நன்றி சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் அதுவரை நான் ஓரகத்திக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றி மேசையில் எறிந்தார்.

"தெரிஞ்சும் சொல்லலையா? நீங்களா?"

"நான்தான் டாக்டர்."

வேலையை விட்டு நிற்கச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். கடைசியில் சொன்னார், "திரும்ப நான் எடுத்தாலும் அதேதான் வரும். அவங்க கோவம் என்மேல இல்லையே. நீங்க அவங்க வீட்டுக்கே போய் எடுத்துட்டு வாங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. கொண்டு வந்ததும் நான் ஒரு தடவை வாயில வச்சுப் பாத்துக்கறேன்." கதவு வரை போனவர் திரும்பினார். "இப்பவாவது வாயத் திறந்தீங்களே."

விளக்கையும் மெழுகுக் கட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அதே வாசல். அத்தான் கதவைத் திறந்து, "அடுக்களைல உக்காந்திருக்கா," என்று சொல்லிவிட்டு வெளியே நகர்ந்துவிட்டார். அதே கழுவுதொட்டி. அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு ஓரகத்தி உட்கார்ந்திருந்தார், மடியில் போர்வையோடு. என்னைக் கண்டதும் தாடை முன்னால் வந்தது.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பட்டது.

"அக்கா, இந்தப் பல்லு ஏன் வீட்டுல நிக்கலன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு என்னைப் பார்த்ததும் தாடையை முன்னால தள்ளிட்டீங்க. கடி தப்பா விழுந்துச்சு. நான் பார்த்தேன். டாக்டர் கேட்டப்போ சரியா இருக்குன்னு சொல்லிட்டேன்."

"தெரிஞ்சேவா?" பல்லில்லாத வாயில் வார்த்தை காற்றாக வந்தது.

"தெரிஞ்சேதான்."

"எதுக்கு?"

"சூப்புக்கு."

அவர் தொட்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மறந்திருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மறக்கவில்லை.

"தினமும் உங்களுக்காக ஜெபம் பண்ணேன்க்கா. ஒரு நாள்கூட உங்களுக்கு நல்லது நடக்கணும்னு நினைச்சுப் பண்ணல. என்னை மன்னிச்சிடுங்க. அதைச் சொல்லத்தான் முதல்ல வந்தேன், கடி எடுக்கிறது ரெண்டாவது."

"போ," என்றார்.

பேசிக்கொண்டே நான் விளக்கைப் பற்றவைத்துவிட்டிருந்தேன். மெழுகு இளக ஆரம்பித்திருந்தது. "போறேன்க்கா. மெழுகு இளகிடுச்சு. ஆறினதும் போறேன்," என்றேன். ஆறியது. திரும்பவும் இளக்கினேன். மறுபடி ஆறியது. அவர் போ என்று இன்னொரு தடவை சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. சும்மா நிற்பதற்கு எனக்குத் தெரியாது. மேசையில் அவர் தொடாமல் வைத்திருந்த மசித்த உருளைக்கிழங்குக் கிண்ணம் இருந்தது. எடுத்துக் கழுவினேன். அடுப்பைத் துடைத்தேன். அரைமணி நேரம் ஆகியிருக்கும். மூன்றாவது தடவையாக மெழுகை இளக்கி, கட்டையைக் கையில் எடுத்து, அவருக்கு முன்னால் முட்டிபோட்டேன். வாயருகே கொண்டுபோனேன்.

"கை கழுவினியா?" என்று கேட்டார்.

வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது. கேட்ட உடனே அவருக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும், கண் பெரிதாக விரிந்தது. எனக்கு ஒரு கணம் ஜிவ்வென்று ஏறியது. ஒன்பது வருடக் கோபமும் தொண்டை வரைக்கும் வந்தது. வந்தது, ஆனால் வெளியே வரும்போது சிரிப்பாக வந்தது. எப்படி என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. நானாக வரவழைத்ததில்லை, கொடுக்கப்பட்டது என்றுதான் சொல்வேன். முட்டிபோட்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

"உங்க கிண்ணத்தையே கழுவிட்டேன்க்கா, கை கழுவாம எப்படிக் கழுவுவேன்?"

ஓரகத்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பல்லில்லாத வாய், கண்ணில் தண்ணீர், மூச்சுவிட முடியாமல் ஒரு சிரிப்பு. சிரித்து ஓய்ந்து நாற்காலியில் சாய்ந்தபோது அவருடைய தாடை பின்னால் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. நான் உடனே கட்டைகளை வாயில் வைத்தேன்.

"கடிக்காதீங்க. எச்சிலை மட்டும் முழுங்குங்கக்கா. அவ்வளவுதான்."

முழுங்கினார். மெழுகு பிடித்துக்கொண்டது. எடுத்துப் பார்த்தேன், பழைய கோட்டிலிருந்து சரியாக அரை நகம் பின்னால் இருந்தது.

அந்த அடுக்களையில் மன்னிப்பு என்ற வார்த்தை ஒரு பக்கத்திலிருந்துதான் வந்தது, அது என் பக்கம். நான் கிளம்பும்போது ஓரகத்தி, "பல்லு ரொம்ப வெள்ளையா இருந்துச்சு. குதிரைக்கு மாட்டின மாதிரி," என்றார். கொஞ்சம் மங்கலான பல்லாகப் பார்த்துப் போடுவதாகச் சொன்னேன். தெருவில் நடந்து வரும்போது பை இறகாக இருந்தது. மன்னிப்பு கிடைத்ததா இல்லையா என்றுகூட யோசிக்கவில்லை. என்னைத் திருத்திக்கொள்ள ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததே, அவர் எடை இன்னும் குறைவதற்குள் கிடைத்ததே என்று, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலையில்லாமல், வழியெல்லாம் வாய்விட்டு நன்றி சொல்லிக்கொண்டே வந்தேன்.

டாக்டர் வாயில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். ஐந்து நாளில் புதிய செட் தயார். போன செட்டை விடச் சாதாரணமாகத்தான் இருந்தது, மெருகுகூட ஒரு மாற்றுக் குறைவு. ஆனால் வீட்டில் நின்றது. முதலில் ரொட்டியின் ஓரத்தைக் கடித்தாராம். கடித்துவிட்டு, "சத்தம் கேக்குது பாரு," என்றாராம். மெல்லுகிற சத்தத்தைச் சொல்லியிருக்கிறார். அதை அத்தான் போனில் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அதன்பிறகு வாராவாரம் போன் வந்தது. பேசியதெல்லாம் எடைதான். "நாப்பது." "நாப்பத்தொண்ணே கால்." "இந்த வாரம் ஏறல." ஒரு வாரம் ஏறவில்லை என்றால் எங்கள் வீட்டிலும் சாப்பாடு இறங்காது. ஓரகத்தி அப்படியொன்றும் தேவதையாக மாறிவிடவில்லை. கீழ்ப்பல் குத்துகிறது, மேல்பல் சிரிக்கும்போது தெரிகிறது, என் பிறந்தவீட்டுப் பக்கத்து ஆட்களுக்கு வேலை சுத்தம் போதாது என்று வந்த புகார்களுக்குக் கணக்கே இல்லை. நான் ஒவ்வொரு தடவையும் போய்த் தேய்த்துக் கொடுத்தேன். சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் தேய்த்தேன், அது என் சொந்தப் பல். ஆலயத்தில் இன்னமும் அவர்கள் வலது பக்கம், நாங்கள் இடது பக்கம். ஆனால் ஜெபத்தில் நான் கேட்பது மாறிவிட்டது. "கர்த்தாவே, இன்னும் ஒரு கிலோ," என்று கேட்டேன்.

இரண்டே கால் மாதத்தில் நாற்பத்தாறு வந்தது. அன்று இரவு என் வீட்டுக்காரர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே என்னைப் பார்த்து ஆறு விரலைக் காட்டினார். கண் கலங்கியிருந்தது.

ஆபரேஷன் அன்று காலை ஆறு மணிக்கே நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். தள்ளுகட்டிலில் ஓரகத்தியைக் கொண்டுவந்தார்கள். கதவுக்கு முன்னால் நர்ஸ் ஒரு சின்னக் கிண்ணத்தை நீட்டினாள்.

"பல்செட்டக் கழட்டி இதுல போடுங்கம்மா. உள்ள போட்டுட்டுப் போகக் கூடாது."

ஓரகத்தி கிண்ணத்தைப் பார்த்தார், போடவில்லை. அத்தான் எழுந்து வந்து கையை நீட்டினார். "என்கிட்டக் குடு. பத்திரமா வச்சிருக்கேன்."

அவர் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு பெஞ்சைத் தாண்டி என்னைப் பார்த்து, வா என்று கையசைத்தார்.

போனேன். அவர் தன் கையாலேயே மேல் செட்டைக் கழற்றினார், பிறகு கீழ் செட்டை. பட்டறைக்கு வருகிற பல்லெல்லாம் கழுவி, மருந்தில் நனைத்து, காய்ந்துதான் வரும். இருபத்தேழு வருடத்தில் வாயிலிருந்து எடுத்த சூட்டோடு ஒருவரும் என் கையில் தந்ததில்லை. ஈரமாக, வெதுவெதுப்பாக என் உள்ளங்கையில் வைத்தார். வைத்துவிட்டு என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

"உன் கைல இருக்கட்டும்," என்றார்.

கட்டில் உள்ளே போய்க் கதவு மூடியது. பல்செட் காயக் கூடாது, தண்ணீரில் கிடக்க வேண்டும். அது தெரிந்துதான் பையில் டப்பா கொண்டுபோயிருந்தேன். இருந்தும் கொஞ்ச நேரம் கையைத் திறக்க மனமில்லாமல் அப்படியே மூடிக்கொண்டு நின்றேன். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கர்த்தரிடம் என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. நன்றி என்பதைத் தவிர வேறு வார்த்தை அதில் இருந்ததாகவும் ஞாபகம் இல்லை. பிறகு டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டேன்.

ஐந்து மணி நேரம் ஆயிற்று. நல்லபடியாக முடிந்தது என்று சொன்னார்கள். மறுநாள் காலைதான் முழிப்பு வந்தது. ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள், அத்தானையும் என்னையும் மட்டும் சேர்த்து விட்டார்கள், பல் என்னிடம் இருந்ததால். ஓரகத்தி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் முதலில் தாடையைத்தான் பார்த்தேன், தொழில் புத்தி. அது அசையவில்லை, இருந்த இடத்தில் இருந்தது.

உதடு ஏதோ சொன்னது. அத்தான் குனிந்து காதைக் கொடுத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நீ சாப்பிட்டியான்னு கேக்குறாம்மா."

முந்தின நாள் காலையிலிருந்து நான் காப்பி மட்டும்தான் குடித்திருந்தேன். "இன்னும் இல்லக்கா," என்றேன். அவர் கண்ணாலேயே கதவைக் காட்டினார்.

பல்லை இன்னும் இரண்டு மணி நேரம் கழித்துப் போடலாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். டப்பாவோடு கீழே கான்டீனுக்குப் போனேன். தட்டு வந்தது. டப்பாவைத் தட்டுக்கு எதிரே வைத்துவிட்டுக் கண்ணை மூடிச் சாப்பாட்டுக்கு நன்றி சொன்னேன். எதிரிலேயே இருந்ததால் அதற்கும் சேர்த்துச் சொன்னேன். பிறகு சாப்பிட்டேன்.